காலையில் டிராம் லைட் எரிஞ்சு நிக்குது, வெயில் வந்தா ஆன் ஆகுது – வீட்டில் அசெம்பிள் பண்ணின சிஸ்டம்

குளச்சல்_கடலோரம்

வணக்கம். வீட்டிலேயே அசெம்பிள் பண்ணின சிஸ்டம். ரைசன் 5 5600ஜி, பி550 மதர்போர்டு, டிடிஆர்4 3200 ரேம் 8 ஜிபி ரெண்டு, 550 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), 500 ஜிபி என்விஎம்ஈ எஸ்எஸ்டி. தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. ரெண்டு வருஷமா ஒழுங்கா ஓடிச்சு. ஆனி மாசச் சாரல் தொடங்கினதுல இருந்து தகராறு.

காலையில பவர் பட்டனை அழுத்தினா ஃபேன் எல்லாம் சுத்தும், போர்டுல டிராம்னு போட்ட இடத்துல, அதாவது ரேம் கோளாறைக் காட்டுற இடத்துல, மஞ்சள் எல்ஈடி எரியும், அப்படியே நின்னுடும். சில நேரம் ரெண்டு செகண்ட் சுத்தி, அணைஞ்சு, தானா மறுபடி சுத்தும். மானிட்டர்ல நோ சிக்னல். மதியம் வெயில் ஏறினதும் அதே சிஸ்டம் நேரா விண்டோஸுக்குப் போகும். வானம் மூடிக் கெடக்குற நாள்னா மதியமும் வராது.

வீடு கடற்கரைக்குப் பக்கம், சிஸ்டம் இருக்குறது மேற்கு ஜன்னல் ஓரம். கேபினட் ஸ்க்ரூ எல்லாம் துரு. கேபினட்டைத் தொட்டா லேசா சுரீர்னு இருக்கு. கடையில காட்டினதுக்கு போர்டு போச்சு, மாத்தணும்னு சொல்றாங்க. மாத்துறதுக்கு முன்னாடி வீட்டிலேயே என்னென்ன பார்க்கலாம்? மல்டிமீட்டர் கையில இருக்கு.

தக்கலை_பெஞ்ச்

போர்டு வாங்குறதை நிறுத்தி வைங்க. செத்த போர்டு வெயில் பார்த்து உயிர் பிழைக்காது. நீங்க சொன்னதுல எல்லாத்தையும் விட முக்கியமான துப்பு அந்தக் காலை, மதிய வித்தியாசம்தான்.

கடற்காத்துல வர்ற உப்பு போர்டு மேலயும் ரேம் பின் மேலயும் கண்ணுக்குத் தெரியாத படலமா படியும். காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினா உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரையும். கரைஞ்ச உப்புத்தண்ணி கரண்டைக் கடத்தும். ஈரம் குறைஞ்சா காய்ஞ்சு மறுபடி படலமா நிக்கும், அப்போ தொந்தரவு இல்லை. சாரல் காலத்துல நம்ம கடற்கரையில காலைநேர ஈரப்பதம் 75-க்குக் கீழ இறங்குறது அபூர்வம். உங்க சிஸ்டம் கெட்டுப்போன நேரமும் சரியாகுற நேரமும் இதோட அப்படியே பொருந்துது.

முதல் வேலை, போர்டை கேபினட்டை விட்டு வெளிய எடுங்க. போர்டு வந்த அட்டைப்பெட்டி மேல வைங்க. வெள்ளி நிற ஆன்டி-ஸ்டேட்டிக் கவர் மேல வைக்காதீங்க, அதோட வெளிப்பக்கம் கரண்ட் கடத்தலாம். போர்டுல பிராசஸர், கூலர், ஒரே ஒரு ரேம், 24 பின் பவர் கேபிள், சிபியுவுக்கான 8 பின் கேபிள், மானிட்டர் கேபிள் மட்டும் இருக்கட்டும். என்விஎம்ஈ, யுஎஸ்பி கீபோர்டு, முன்பக்க வயர் எதுவும் வேண்டாம். பவர் ஸ்விட்ச் பின் ரெண்டையும் ஸ்க்ரூடிரைவர் முனையால ஒரு நொடி தொட்டா ஆன் ஆகும். வழக்கமான முன்பக்க ஹெட்டர்ல (கேபினட் வயரைச் சொருகுற பின் வரிசை) அது 6, 8-ஆம் பின். உறுதிக்கு மேனுவல்ல ஒருதடவை பாத்துக்கிடுங்க.

ரேம் பிராசஸர்ல இருந்து ரெண்டாவது ஸ்லாட்ல, அதாவது ஏ2-ல போகணும். முதல் ரேமை ஏ2-ல போட்டுப் பாருங்க. அப்புறம் ரெண்டாவது ரேமை அதே ஏ2-ல. அப்புறம் எது வேலை செஞ்சதோ அதை நாலாவது ஸ்லாட்ல, பி2-ல. இந்த மூணையும் சிஸ்டம் வராத காலை நேரத்துல செஞ்சாத்தான் பலன். ஒவ்வொரு மாத்தத்துக்கும் நடுவுல எஸ்எம்பிஎஸ் ஸ்விட்சை அணைச்சு, அதே பவர் ஸ்விட்ச் பின் ரெண்டையும் அஞ்சு செகண்ட் தொட்டு மிச்சக் கரண்டை இறக்குங்க. ஆன் பண்ணினதும் ஒரு நிமிஷமாவது காத்திருங்க, ரேம் டிரெயினிங், அதாவது போர்டு ரேமோட ஒத்துப்போகத் தன்னைச் சரிபண்ணிக்கிறது, முடியுறதுக்குள்ள அணைச்சுடாதீங்க. ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாத்தம். ரெண்டை ஒண்ணா மாத்தினா எதுனால சரியாச்சுன்னு தெரியாமப் போயிடும்.

வடசேரி_மீட்டர்

உப்பு இருக்கட்டும், எஸ்எம்பிஎஸ்ஸை அப்படியே விட முடியாது. உள்ளே இருக்குற கெப்பாசிட்டர் காய்ஞ்சுபோனாலும் முதல்ல ஆன் ஆகாம, கொஞ்சம் சூடேறின பிறகு ஆன் ஆகுற இதே குணம்தான் வரும். மீட்டர் இருக்குன்னா ஊகம் எதுக்கு.

24 பின்னை போர்டுல சொருகி வச்சபடியே, கனெக்டரோட பின்பக்கம் வயர் நுழையுற ஓட்டை வழியா மீட்டர் முனையை விடுங்க. கறுப்பு முனை ஏதாவது ஒரு கறுப்பு வயர்ல. ஊதா வயர், 9-ஆம் பின், சிஸ்டம் அணைஞ்சிருக்கும்போதும் 5 வோல்ட் காட்டணும், 4.75-க்குக் கீழ போகக்கூடாது. ஆன் பண்ணினதும் மஞ்சள் 11.4-ல இருந்து 12.6, சிவப்பு 4.75-ல இருந்து 5.25, ஆரஞ்சு 3.14-ல இருந்து 3.47. சாம்பல் வயர், 8-ஆம் பின், பவர் குட், அதாவது கரண்ட் சரியா இருக்குன்னு போர்டுக்குச் சொல்ற சிக்னல். ஃபேன் சுத்தத் தொடங்கி அரை செகண்டுக்குள்ள 5 வோல்ட் பக்கம் ஏறி அங்கேயே நிக்கணும். அது ஏறி இறங்கினாலோ ஏறவே இல்லைன்னாலோ முதல் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல. கேபிள் முழுக்கக் கறுப்புன்னா பின் நம்பரை வச்சு எண்ணுங்க.

பச்சை வயரையும் கறுப்பையும் கம்பியால இணைச்சு ஃபேன் சுத்துதான்னு பார்க்குறது பலரும் செய்றது. லோடு இல்லாம ஃபேன் சுத்துறதை வச்சு எஸ்எம்பிஎஸ் நல்லதுன்னு முடிவு கட்ட முடியாது. சுத்தலைன்னா மட்டும் அது ஒரு தகவல்.

இன்னொண்ணு, தயவுசெய்து எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீங்க. உள்ளே பெரிய கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல நிக்கும், பிளக்கைக் கழட்டின பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். ஆளைக் கொல்ற கரண்ட் அது.

போர்டுல இருக்குற சிஆர்2032 பேட்டரியையும் அளந்துடுங்க.

குளச்சல்_கடலோரம்

ரெண்டு பேர் சொன்னதும் செஞ்சாச்சு. எல்லாம் காலையில, மழை மூட்டத்துல.

ஊதா 5.06. ஆன் பண்ணினா மஞ்சள் 12.1, சிவப்பு 5.02, ஆரஞ்சு 3.31. சாம்பல் 5 வோல்ட்டுக்கு ஏறி நிக்குது. பேட்டரி 2.61.

முதல் ரேம் ஏ2-ல: உடனே டிஸ்ப்ளே வந்துது. ரெண்டாவது ரேம் ஏ2-ல: டிராம் லைட். முதல் ரேம் பி2-ல: டிராம் லைட். அப்போ ரெண்டாவது ரேமும் பி2 ஸ்லாட்டும் சேர்ந்தா கெட்டுது?

டார்ச் அடிச்சுப் பார்த்தா ரெண்டாவது ரேமோட தங்க நிறப் பின்கள்ல நாலஞ்சு மட்டும் மங்கி, அடியில வெள்ளையா பொடி. ஒரு பின்னோட ஓரத்துல ஊசிமுனை அளவுக்குப் பச்சை.

வடசேரி_மீட்டர்

எல்லாம் வரம்புக்குள்ள இருக்கு, பவர் குட் நிலையா நிக்குது. அதுக்கு மேல, டிஸ்ப்ளே வராத அதே காலையில முதல் ரேமோட ஏ2-ல ஆன் ஆயிட்டுது. எஸ்எம்பிஎஸ் குத்தவாளி இல்லை. பேட்டரி மாத்துங்க, 2.61 தீர்ந்துபோனதுதான். அதனால பெரும்பாலும் ஆன் ஆகாமப் போகாது, ஆனா பிளக்கைப் பிடுங்கினா பயாஸ் செட்டிங்ஸ் (போர்டோட அடிப்படை அமைப்பு) அழியலாம்.

தக்கலை_பெஞ்ச்

ரேமும் ஸ்லாட்டும் சேர்ந்தேதான் கெட்டிருக்கும், ஏன்னா ரெண்டு வருஷமா அதுக ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டியே இருந்திருக்கு. பி2-ல இருந்தது அந்த ரேம்தானே? உப்பு அந்த இடுக்குல இறங்கி ரெண்டு பக்கத்தையும் அரிச்சிருக்கு. பச்சை ஊசிமுனை அளவுதான்னா காப்பாத்தலாம்.

இங்க பெரும்பாலானவங்க தப்பு பண்றது, நேரா ஐசோப்ரொபைல் ஆல்கஹால் போட்டுத் துடைக்கிறது. ஆல்கஹால் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், உப்பைக் கரைக்காது. உப்பு தண்ணியிலதான் கரையும். துடைச்ச அன்னைக்கு வேலை செய்யும், அடுத்த சாரல்ல பழைய கதைதான். அதனால முதல்ல டிஸ்டில்டு வாட்டர், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்துறது. குழாய்த் தண்ணியும் கிணத்துத் தண்ணியும் ஆகாது, அதுல உப்பு இருக்கு.

ரேம்: சின்னக் கிண்ணத்துல டிஸ்டில்டு வாட்டர் எடுத்து, பின் இருக்குற ஓரத்தை மட்டும் முக்கி, மெல்லிய டூத்பிரஷால ஒரு நிமிஷம் தேய்ங்க. தண்ணியை மாத்தி இன்னொருதடவை. பச்சை போகலைன்னா வெள்ளைப் பென்சில் ரப்பரால பின் நீளவாக்குல ரெண்டே இழுப்பு. இங்க் அழிக்கிற சொரசொரப்பு ரப்பர் வேண்டாம், தங்கப் பூச்சு மெல்லிசு, அது உரிஞ்சா அடியில நிக்கல், அதுக்கு அடியில செம்பு, அப்புறம் துரு நிக்காது. கடைசியா 99 சதவீத ஆல்கஹால்ல முக்கி எடுங்க, அது மிச்சத் தண்ணியை இழுத்துட்டுப் போயிடும். சானிடைசர் போடாதீங்க, கிளிசரின் ஒட்டிக்கும். தின்னர், பெட்ரோல், டபிள்யூடி-40 எதுவும் கிட்டயே வரக்கூடாது.

ஸ்லாட்: முதல்ல போர்டு பேட்டரியைக் கழட்டுங்க, எஸ்எம்பிஎஸ் வயர் எல்லாத்தையும் கழட்டுங்க. பேட்டரி இருக்கும்போது தண்ணி பட்டா அரிப்பு இன்னும் வேகமா நடக்கும். போர்டை செங்குத்தா சாய்ச்சுப் பிடிச்சு, பிரஷை டிஸ்டில்டு வாட்டர்ல நனைச்சு ஸ்லாட்டுக்குள்ள நீளவாக்குல விடுங்க, குறுக்கா தேய்ச்சா உள்ளே இருக்குற கம்பி வளையும். கழுவின தண்ணி பிராசஸர் பக்கம் வழியக்கூடாது, அதனால ஸ்லாட் கீழ்ப்பக்கம் வர்ற மாதிரி பிடிங்க. அப்புறம் ஆல்கஹால்ல அதே மாதிரி. பக்கத்து ஸ்லாட் மூணையும் சேர்த்தே செஞ்சுடுங்க.

காய வைக்கிறது ஃபேன் காத்துல 24 மணி நேரம். ஹேர் டிரையர்னா குறைஞ்ச சூட்டுல, ஒரு அடி தள்ளி.

பிராசஸரைக் கழட்ட வேண்டியதில்லை. ஆசை வந்து கழட்டினீங்கன்னா கூலரை நேரா மேல இழுக்காதீங்க. பேஸ்ட் இறுகி, ஏஎம்4 பிராசஸர் சாக்கெட் பூட்டு போட்டிருக்கும்போதே கூலரோட பிய்ச்சுக்கிட்டு வரும், பின் வளையும். டிரையரால லேசா சூடாக்கி, இடதும் வலதுமா திருகி விடுவிச்சுத்தான் எடுக்கணும்.

மார்த்தாண்டம்_வயரிங்

எல்லாரும் ரேம்லயே நிக்கிறீங்க, அந்த சுரீரை யாரும் கேட்கலையே. கேபினட்டைத் தொட்டா சுரீர்னா அந்த பிளக் பாயின்ட்ல எர்த் வேலை செய்யலைன்னு அர்த்தம். எஸ்எம்பிஎஸ் வாசல்ல இரைச்சல் வடிகட்டுற ரெண்டு சின்னக் கெப்பாசிட்டர் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல பாடியைப் பிடிச்சு வச்சிருக்கும். எர்த் இருந்தா அந்தக் கசிவு மண்ணுக்குப் போயிடும், இல்லைன்னா பாடி ஏறக்குறைய பாதி வோல்ட்டேஜ்ல, 115 பக்கம் மிதக்கும். கரண்ட் ரொம்பக் குறைவு, ஆனா அந்த நிலைமையில டிவிக்கு எச்டிஎம்ஐ சொருகினா போர்ட் போயிடலாம்.

மீட்டரை ஏசி 750-ல வச்சு சாக்கெட்ல பாருங்க, உலோக முனையைக் கை தொடாம. ஃபேஸ் நியூட்ரல் 230 காட்டுதுன்னா, ஃபேஸ் எர்த்தும் கிட்டத்தட்ட அதே வரணும். நியூட்ரல் எர்த் அஞ்சுக்குள்ள. ஃபேஸ் எர்த் 90, 120-ன்னு ஆடிக்கிட்டே இருந்தா எர்த் வயர் எங்கேயோ அறுந்து கெடக்கு. மீட்டர் சரியா காட்டினாலும் லோடு போட்டுப் பார்த்தாத்தான் முழு உறுதி, அதை வயர்மேனை வச்சுச் செய்யுங்க.

கடற்கரை வீடுகள்ல எர்த் கம்பியே உப்பு தின்னு அறுந்துபோறது உண்டு. மேல் மணல் கோடையில காய்ஞ்சுடும், ரெண்டடிக் குழியில கம்பியைப் புதைச்சா போதாது. 2.5 மீட்டர் ஜிஐ பைப்பை ஈர மண் வரை இறக்கி, மேல கிளாம்ப் இருக்குற இடத்தை வருஷம் ஒருதடவை பார்க்கணும்.

குளச்சல்_கடலோரம்

எர்த் கிளாம்ப்தான், கையால தொட்டதும் உதிர்ந்துடுச்சு. வயர்மேன் புதுசு போட்டாச்சு, சுரீர் இல்லை.

கழுவிக் காய வச்சு ரெண்டு ரேமும் ஏ2, பி2-ல போட்டு வெளிய வச்சே காலையில ஆன் பண்ணினேன், பயாஸ்ல 16 ஜிபி காட்டுது. ஆனா கேபினட்டுக்குள்ள மாட்டினதும் வேற பிரச்சினை: ஆன் ஆகி டிஸ்ப்ளே வருது, யுஎஸ்பி ஓவர் கரண்ட்னு எழுதி 15 செகண்ட்ல தானா அணையுது.

வடசேரி_மீட்டர்

முன்பக்க யுஎஸ்பி. கேபினட் முகப்புல இருக்குற அந்த ரெண்டு ஓட்டையும்தான் கடற்காத்தை நேரா வாங்குறது. போர்டுல இருந்து யுஎஸ்பி2 9 பின், யுஎஸ்பி3 19 பின் ரெண்டு ஹெட்டரையும் கழட்டிட்டு ஆன் பண்ணுங்க. ஓடினா ஒவ்வொண்ணா சொருகுங்க. தகராறு பண்ற போர்ட்டுக்குள்ள டார்ச் அடிங்க, நாக்கு மாதிரி பிளாஸ்டிக் மேல இருக்குற தகடு பச்சையா இருந்தாலோ வளைஞ்சு பாடியைத் தொட்டாலோ அதைக் கழுவி நேரத்தைப் போக்காதீங்க. ஹெட்டரைக் கழட்டியே விட்டுடுங்க, பின்பக்க போர்ட்டுகள் போதும். கழட்டின முனையை இன்சுலேஷன் டேப் சுத்தி ஓரமா கட்டி வைங்க, ஃபேன்ல சிக்கக்கூடாது.

அதுக்கும் அணைஞ்சா போர்டு அடியில தேவையில்லாத இடத்துல போர்டைத் தாங்குற பித்தளை ஸ்டாண்ட்ஆஃப் ஒண்ணு நிக்குதான்னு பாருங்க.

குளச்சல்_கடலோரம்

யுஎஸ்பி3 ஹெட்டர்தான். கழட்டினதும் ஓடுது, யுஎஸ்பி2 மட்டும் சொருகியிருக்கேன். எக்ஸ்எம்பி (ரேமை முழு வேகத்துல ஓட்டுற செட்டிங்) இப்போ ஆன் பண்ணலாமா?

தக்கலை_பெஞ்ச்

உடனே வேண்டாம். ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86-ஐ பென்டிரைவ்ல போட்டு, சாதா வேகத்துலயே ராத்திரி முழுக்க நாலு பாஸ் ஓட விடுங்க. ஒரு பிழைகூட வரலைன்னா எக்ஸ்எம்பி 3200 போட்டு இன்னொருதடவை. ரெண்டாவது சுத்துல மட்டும் பிழைன்னா அந்தப் பின்னோட பூச்சு போயிருக்கலாம், 2666-ல ஓட்டுங்க.

சிஸ்டத்தை மேற்கு ஜன்னலை விட்டு நகத்துங்க. ஐப்பசி மழை வரைக்கும் தினம் ஒரு மணி நேரமாவது ஓடட்டும், உள்ளே இருக்குற சூடே ஈரத்தைத் தங்க விடாது. சாரல் முடிஞ்சதும் ரேம் ரெண்டையும் ஒருதடவை கழட்டிப் பின்னைப் பாருங்க, வெள்ளைப் பொடி மறுபடி தெரிஞ்சா முத்துறதுக்குள்ள டிஸ்டில்டு வாட்டர்ல கழுவிடலாம்.