புது மரக் கைப்பிடி போட்டதில் இருந்து குண்டு இடப்பக்கமே போகிறது, உதவுங்கள்

பாளைக்காரன்:
வணக்கம். மூன்று வருடமாக 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறேன். வலக்கை. பிஸ்டலோடு வந்த கைப்பிடி எனக்குப் பெரியது, சுண்டுவிரல் பிடிமானம் இல்லாமல் தொங்கும். அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடைகிற ஒரு தாத்தாவிடம் போனேன். களிமண் உருண்டை ஒன்றைக் கையில் கொடுத்து, "இறுக்காதிய, தோசைக்கரண்டி பிடிக்க மாதிரி பிடிங்க" என்றார். அந்த அச்சைப் பார்த்துத் தேக்கில் உளியால் செதுக்கித் தந்தார். கை அதில் போய் உட்காருகிற சுகமே தனி.

ஆனால் இரண்டு வாரமாகக் குண்டு ஒன்பது மணிப் பக்கமே, அதாவது நேர் இடப்பக்கமே போகிறது. பத்துக்குப் பதில் ஏழு, எட்டுப் புள்ளிதான். ரியர் சைட்டை (குறி பார்க்கிற பின் பள்ளத்தை) நாலு கிளிக் வலப்பக்கம் திருப்பினேன். முதல் பத்து குண்டு நடுவில் விழுந்தது, அப்புறம் இரண்டு பக்கமும் சிதறுகிறது. தப்பு மரத்திலா, என்னிலா?

இன்னொன்று. 25 மீட்டர் சென்டர் ஃபயர் (நிஜத் தோட்டா போட்டுச் சுடுகிற பிஸ்டல் போட்டி) சுட வேண்டும் என்பது வெகுநாள் ஆசை. அப்பாவிடம் லைசென்ஸோடு .32 ரிவால்வர் இருக்கிறது. ட்ரிக்கரை இலகுவாக்கி, சைட்டும் மாற்றித் தருவதாக ஒரு லேத் பட்டறைக்காரர் சொல்கிறார். என் கைக்கென்றே ஒரு ரிவால்வர்! கொடுக்கலாமா?

சேரன்மாதேவிக்காரர்:
தம்பி, ரிவால்வரைப் பட்டறைப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவைப் பாருங்கள். துப்பாக்கியைச் செய்ய மட்டுமல்ல, மாற்றவும் பழுதுபார்க்கவும்கூட அதற்கென்று லைசென்ஸ் வேண்டும். அப்பாவின் லைசென்ஸ் அவர் வைத்திருப்பதற்கு. அது பட்டறைக்காரரையும் காப்பாற்றாது, உங்களையும் காப்பாற்றாது.

சட்டத்தை விடுங்கள், எனக்கு அதைவிடப் பயம் ட்ரிக்கர்தான். சுத்தியல் மாட்டி நிற்கிற அந்தச் சின்னப் பல்லை அரத்தால் ஒரு இழுப்பு கூடுதலாகத் தேய்த்துவிட்டால், லேசாகத் தட்டினாலே வெடிக்கும். அவ்வளவு இலகுவாக்கியும் பிரயோசனம் இல்லை. சென்டர் ஃபயர் போட்டியில் ட்ரிக்கர் 1000 கிராம் எடையை விழாமல் தாங்கியே ஆக வேண்டும். லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் அப்பாவே எடுத்துப் போகட்டும். அதுவரை ஏர் பிஸ்டலில் கையைப் பழக்குங்கள்.

தென்காசி அக்கா:
பாளைத் தம்பி, முதலில் ரியர் சைட்டைப் பழைய இடத்துக்கே கொண்டுவாங்க. சைட் நோயைக் காட்டும், தீர்க்காது.

இலக்கைப் பார்த்து நில்லுங்க. கண்ணை மூடிக் கையை உயர்த்துங்க, ரெண்டு மூச்சு விட்டுக் கண்ணைத் திறங்க. முன் சைட் பின் பள்ளத்துக்கு நடுவில் நிற்கிறதா, இடப்பக்கம் ஒட்டி நிற்கிறதா? ஒட்டி நின்றால் மரம்தான் குழலை இடப்பக்கம் திருப்புகிறது. நீங்கள் ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டைத் திருகி அதை நடுவுக்குக் கொண்டுவருகிறீர்கள். கை களைத்ததும் மணிக்கட்டு பழைய இடத்துக்குப் போய்விடும். முதல் பத்து நன்றாக விழுந்து அப்புறம் சிதறுவது அதனால்தான்.

இரண்டு சைட்டுக்கும் நடுவே 32 சென்டிமீட்டர் என்று வைத்தால், முன் சைட் 1 மில்லிமீட்டர் விலகினாலே 10 மீட்டரில் குண்டு 31 மில்லிமீட்டர் தள்ளி விழும். பத்துக்கான வட்டமே 11.5 மில்லிமீட்டர்தான். பத்து, ஏழாகிவிடும்.

சுட்டுவிரலையும் பாருங்க. விரலின் பக்கவாட்டுப் பகுதி மரத்தில் உரசினால், அழுத்தும்போது பிஸ்டலை இடப்பக்கம் தள்ளும். விரலுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு தாள் தாராளமாகப் போய்வர வேண்டும்.

வீரவநல்லூர் தச்சன்:
அக்கா சொன்ன சோதனை சரி. மரத்தை எங்கே எடுப்பது என்று நான் சொல்கிறேன். கைப்பிடியில் காவிப்பொடியை மெல்லப் பூசி, சுடுகிற மாதிரி ஒரு நிமிடம் பிடித்துவிட்டு விடுங்கள். காவி அழிந்த இடம்தான் அழுத்துகிற இடம். உங்களுக்கு வலப்பக்கம் முன்னால், விரல்களின் வேர் உட்காருகிற இடம் பளிச்சென்று அழிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே மரம் தடித்தால் குழல் இடப்பக்கம்தான் போகும்.

உளி வேண்டாம், 120 நம்பர் உப்புத்தாள் போதும். நாலு இழுப்பு, மறுபடி காவி, மறுபடி கண்ணை மூடிச் சோதனை. நிறைய எடுத்துவிட்டால் எபாக்சி புட்டி வைத்து நிரப்பலாம். மணிக்கட்டைத் தொடுகிற அளவுக்குப் பின்பக்கம் மட்டும் வளர்த்துவிடாதீர்கள். போட்டியில் மணிக்கட்டு மரத்தில் படாமல் தெரிய வேண்டும்.

மரம் நன்றாகக் காய்ந்ததா என்று தாத்தாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய் பூசாத மரம் சாரல் காலத்தில் உப்பும்.

பாளைக்காரன்:
காவி போட்டேன். அண்ணாச்சி சொன்ன இடமேதான், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு அழிந்திருந்தது. மூன்று தடவை தேய்த்த பிறகு, கண்ணைத் திறந்தால் முன் சைட் நடுவில் நிற்கிறது. சுட்டுவிரலும் உரசிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, அங்கேயும் எடுத்துவிட்டேன். நேற்று நாற்பது குண்டு. இடப்பக்கம் போனது மூன்றுதான், மற்றதெல்லாம் ஒன்பதும் பத்தும். ஆளி விதை எண்ணெய் பூசி வெயில் படாமல் வைத்திருக்கிறேன்.

ரிவால்வர் அப்பாவின் பீரோவிலேயே இருக்கிறது. பட்டறைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.