எம்.பி.ஏ. முடித்தவர் அமெரிக்காவில் எம்.டி.க்கு விண்ணப்பிக்க: பழைய ஜி.பி.ஏ.வை என்ன செய்வது?

தேன்சிட்டு கேட்டது:
தங்கைக்காகக் கேட்கிறேன். அமெரிக்காவிலேயே பி.பி.ஏ. (120 கிரெடிட், அதாவது பாட அலகு; ஜி.பி.ஏ., அதாவது 4-க்கு எடுத்த சராசரி, 3.1), அப்புறம் எம்.பி.ஏ. (3.9). கிரீன் கார்டு இருக்கிறது. இப்போது டாக்டருக்குப் (இங்கே அதுதான் எம்.டி.) படிக்கப் போகிறேன் என்கிறாள். கால்குலஸ், புள்ளியியல் இரண்டும் எடுத்து 'பி' வாங்கியதோடு சரி. அறிவியல் பக்கமே போகவில்லை. எம்.பி.ஏ. மதிப்பெண் அந்த 3.1-ஐத் தூக்கிவிடுமா? இல்லை, உயிரியலில் இன்னொரு மாஸ்டர்ஸ் செய்ய வேண்டுமா?

வடகரை:
தூக்காது. மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பமான ஆம்காஸில் இளநிலைக்கு ஒரு கணக்கு, முதுநிலைக்குத் தனிக் கணக்கு. இரண்டும் கலக்காது. உயிரியல் மாஸ்டர்ஸ் செய்தாலும் அது முதுநிலைக் கணக்கில்தான் போய் உட்காரும். எனவே இப்போதைக்கு அது வேண்டாம்.

இளநிலைக் கணக்கை அசைப்பது, பட்டம் வாங்கிய பிறகு எடுக்கும் இளநிலைப் பாடங்கள் மட்டுமே, 'போஸ்ட்-பாக்' என்பார்கள். ஆய்வகத்தோடு உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் நான்கும் இரண்டிரண்டு செமஸ்டர், தலா 8 கிரெடிட் போல வரும். உயிர்வேதியியல் ஒரு 4. மொத்தம் 36. எல்லாவற்றிலும் 'ஏ' என்றே வையுங்கள்: 120 × 3.1 = 372, 36 × 4 = 144. கூட்டினால் 516, 156-ஆல் வகுத்தால் 3.31. இவ்வளவு உழைத்தும் அவ்வளவுதான் ஏறும்.

ஆனால் ஆம்காஸ் உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கையும் சேர்த்து பி.சி.பி.எம். என்று தனியாக ஒரு ஜி.பி.ஏ. போடுகிறது. பழைய 'பி' 6 கிரெடிட் (தலா 3), புது 'ஏ' 36 கிரெடிட் (தலா 4): 18 + 144 = 162, அதை 42-ஆல் வகுத்தால் 3.86. அறிவியலில் ஏற்கெனவே சொதப்பியவருக்கு இந்த வழி கிடையாது. உங்கள் தங்கைக்கு அந்தப் பக்கம் கிட்டத்தட்ட வெள்ளைத்தாள். அதில் ஒரு 'சி' விழுந்தால் திரும்ப எடுத்தும் பயனில்லை. ஆம்காஸ் இரண்டு முறை வாங்கிய மதிப்பெண்ணையும் எண்ணும். வேலையோடு சேர்த்து ஒரே செமஸ்டரில் மூன்று ஆய்வகப் பாடம் எடுப்பவர்கள் விழுவது இங்கேதான்.

பிரின் மார், கௌச்சர் கல்லூரிகளின் போஸ்ட்-பாக் திட்டங்கள் இப்படித் துறை மாறுபவர்களுக்காகவே இருப்பவை. 3.1-ஐ வைத்துக்கொண்டு அங்கே நுழைவது கஷ்டம். பக்கத்தில் உள்ள நான்காண்டு அரசுப் பல்கலைக்கழகத்தில் தனித்தனிப் பாடமாக எடுப்பதே தோது.

ஆலமரம்:
வடகரை சொன்னதோடு கால அளவையும் பாருங்கள். பொது வேதியியல் முடிக்காமல் கரிம வேதியியலுக்குள் விடமாட்டார்கள், கரிமம் இல்லாமல் உயிர்வேதியியல் கிடையாது. ஆக இரண்டு வருஷத்துக்குக் குறைந்து முடியாது. ஆகஸ்டில் தொடங்கினால் இரண்டாம் வருஷ வசந்தத்தில் எம்கேட் (மருத்துவ நுழைவுத் தேர்வு), ஜூன் தொடக்கத்தில் விண்ணப்பம், அதற்கு அடுத்த வருஷ ஆகஸ்டில்தான் முதல் வகுப்பு. மூன்று வருஷம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எம்கேட் மதிப்பெண் 472 முதல் 528 வரை. இடைவேளையோடு ஏழரை மணி நேரம், கால்குலேட்டர் கிடையாது (எக்செல் பழகிய கைக்கு இது தனிச் சிரமம்). நான்கில் ஒரு பகுதி உளவியல்-சமூகவியல். அதைச் சொந்தமாகப் படித்தே சமாளிக்கலாம்.

விண்ணப்பக் கட்டுரைக்கு 5,300 எழுத்துகள் வரைதான், இடைவெளியும் சேர்த்து. அதில் "மருத்துவமனையைத் திறம்பட நடத்துவேன்" என்று எழுதினால், அதற்கு எம்.பி.ஏ. போதுமே என்றுதான் கேட்பார்கள். நோயாளி பக்கத்தில் நின்ற அனுபவம் வேண்டும்: ஸ்க்ரைப் (டாக்டருக்குக் குறிப்பெழுதுபவர்), இ.எம்.டி. (ஆம்புலன்ஸ் அவசர உதவியாளர்), மெடிக்கல் அசிஸ்டென்ட், இவற்றில் ஒன்றை முதல் வருஷமே பிடிக்கச் சொல்லுங்கள். பரிந்துரைக் கடிதத்திலும் இதே கதைதான். எம்.பி.ஏ. பேராசிரியர் கடிதம் உபரி. பல மருத்துவக் கல்லூரிகள் அறிவியல் பேராசிரியர் இருவரிடமிருந்து கேட்கும். முதல் செமஸ்டரிலிருந்தே ஆசிரியர் அறையில் தலைகாட்ட வேண்டும்.

நிழல்குடை:
இடையில் ஒரு கேள்வி. சென்னையில் பி.காம்., இங்கே எம்.பி.ஏ., எச்-4 விசா (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்கானது). இதே வழி ஒத்துவருமா?

வடகரை:
சிரமம். வெளிநாட்டுப் படிப்பின் மதிப்பெண்ணை ஆம்காஸ் ஜி.பி.ஏ.வில் சேர்க்காது. பல கல்லூரிகள் அமெரிக்க இளநிலைப் பட்டமோ, இங்கே படித்த 90 கிரெடிட்டோ கேட்கின்றன; எம்.பி.ஏ. கிரெடிட்டை அதற்கு ஏற்பார்களா என்பது கல்லூரிக்குக் கல்லூரி மாறும், மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். விசா இதைவிடப் பெரிய தடை: அரசுக் கல்லூரிகளில் நிறைய குடியுரிமை அல்லது கிரீன் கார்டு இல்லாதவரை எடுப்பதில்லை. பாடங்களுக்குப் பணம் கட்டும் முன்பே எம்.எஸ்.ஏ.ஆர். என்ற மருத்துவக் கல்லூரி விவரத் தளத்தில் வெளிநாட்டு விண்ணப்பதாரரை ஏற்கும் கல்லூரிகளை வடிகட்டிப் பாருங்கள்.

ஆலமரம்:
தேன்சிட்டு, ஒன்று விட்டுப்போச்சு. பள்ளிக் காலத்தில் கம்யூனிட்டி காலேஜில் (உள்ளூர் இரண்டாண்டுக் கல்லூரி) கிரெடிட்டோடு ஒரே ஒரு பாடம் எடுத்திருந்தாலும் அதன் டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் பட்டியல்) ஆம்காஸுக்குப் போகவேண்டும். எம்.பி.ஏ.வுடையதும்தான். ஒன்று குறைந்தாலும் சரிபார்ப்பு தொடங்காது. ஜூன் நெரிசலில் அதற்கே ஆறு வாரம் வரை ஆகிறது. எல்லாவற்றையும் மே மாதமே கேட்டு அனுப்பிவிடுங்கள்.