மூட்டத்துக்குள் ஒளிந்திருந்த வெயில்: முகத்து மங்குத் திட்டும் நம்ம அனுபவமும்

தலவாக்கலை டீச்சர்

இரண்டாவது பிள்ளை வயிற்றில் ஆறு மாதமாக இருக்கும்போதுதான் முதலில் கண்ணில் பட்டது. இரண்டு கன்னத்திலும், மூக்குத்தண்டிலும், மேலுதட்டுக்கு மேலேயும் தவிட்டு நிறத்தில் திட்டுத்திட்டாக. கன்னத்தில் இருந்தது கூடப் பரவாயில்லை. உதட்டுக்கு மேலே இருந்தது மீசை மாதிரித் தெரிந்தது. ஆறாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், தேத்தண்ணி குடிச்சிட்டு வாயைத் துடைக்கலையா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்துதான் அழுதேன்.

"பிள்ளைத்தாச்சி மங்கு, பெற்றதும் போய்விடும்" என்றார் மாமி. அவர் சொன்னதில் பிழை இல்லை, நிறையப் பேருக்குச் சில மாதங்களில் தானாகவே மங்கிவிடும். எனக்குத்தான் போகவில்லை. காரணம் பிறகுதான் தெரிந்தது. பிள்ளைக்கு எட்டு மாதம் ஆனபோது குடும்பக் கட்டுப்பாட்டு மாத்திரை தொடங்கியிருந்தேன். கர்ப்ப காலத்தில் கூடும் ஹோர்மோன்கள் தோலில் செய்கிற அதே வேலையை அந்த மாத்திரையும் சிலருக்குச் செய்யுமாம்.

அது தெரியாமல் இரண்டு வருஷம் குசினியையே முகத்தில் பூசினேன். கஸ்தூரி மஞ்சள், மரமஞ்சள், தயிர், தக்காளி. நுவரெலியாப் பக்கம் இருந்துகொண்டு உருளைக்கிழங்குச் சாறு பூசாமல் விட முடியுமா? அந்தக் கிழங்கைக் கறிக்குப் போட்டிருந்தால் நாலு நேரம் சாப்பாடாவது ஆகியிருக்கும். கடைசியில் சீனியும் தேயிலைத் தூளும் கலந்து முகத்தைத் தேய்க்கத் தொடங்கினேன். தேய்க்கத் தேய்க்க கறுத்ததே தவிர வெளுக்கவில்லை. தோலைச் சீண்டினால் அது இன்னும் நிறத்தைத்தான் சுரக்கும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

பிறகு எங்கள் மிட்வைஃப் அக்கா பிடித்துத் தள்ளித்தான் ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குப் போனேன். டொக்டர் அம்மா ஒரு விளக்கைப் பிடித்து முகத்தைப் பார்த்தார். மாத்திரையைப் பற்றிக் கேட்டார். அதன் பிறகு, "காலையில் எங்கே நிற்பீர்கள்?" என்றார். எனக்கு விளங்கவில்லை. "எங்க ஊரில் ஏது டொக்டர் வெயில், எப்போதும் மூட்டம்தானே" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

சூடு வேறு, முகத்தைக் கறுக்க வைக்கிற கதிர் வேறு என்று அவர் விளக்கியது இன்னும் நினைவில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றர் ஏற ஏற அந்தப் புற ஊதாக் கதிர் நூற்றுக்குப் பத்து அளவில் கூடும். நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரம். நாடோ பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில். மெல்லிய மேகம் குளிரைத் தரும், ஆனால் கதிரைப் பெரிதாகத் தடுக்காது. கொழும்புக்காரர் வெயில் சுட்டதும் நிழலுக்கு ஓடுவார். நமக்குச் சுடவே சுடாது. அதனால் நாம் ஓடுவதும் இல்லை. இன்னும் கேட்டால், குளிருக்கு லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் உட்கார்ந்து வெயில் காய்கிறவர்கள் நாம்தானே! பள்ளிக்கூடத்துக்கு நடை, காலைக் கூட்டம், இடைவேளையில் மைதான மேற்பார்வை என்று கணக்குப் பார்த்தால் ஒரு நாளைக்கு இரண்டு மணித்தியாலம் நான் வெயிலில்தான் நின்றிருக்கிறேன். விறகடுப்பு அனலும் சிலருக்கு இதைக் கூட்டும் என்றார்.

மாத்திரையை நிறுத்தி, கருப்பையில் வைக்கிற ஹோர்மோன் இல்லாத லூப்புக்கு மாறினேன். பகலுக்கு சன்ஸ்கிரீன் தந்தார். வெறும் வெள்ளை கிரீம் இல்லை, இரும்பு ஒக்சைட்டு சேர்ந்து தோல் நிறத்தில் இருப்பது. புற ஊதாக் கதிர் மட்டுமில்லை, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமே மங்கைக் கறுக்க வைக்குமாம். வெள்ளை கிரீம் அதைத் தடுப்பது குறைவு. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்தால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். நான் முதலில் பூசியது உளுந்தளவு. இரவுக்கு ஹைட்ரோகுவினோன் நாலு வீதமும் வேறு இரண்டு மருந்தும் சேர்ந்த கிரீம், ஒரு பட்டாணி அளவு. மூன்று மாதத்துக்கு மேல் தொடக் கூடாது என்று கிளினிக் கொப்பியில் கோடு போட்டு எழுதித் தந்தார். நல்ல மருந்துதான், ஆனால் வருஷக்கணக்கில் பூசினால் அதுவே நீலக்கறுப்பாகத் தழும்பு வைத்துவிடும். அதனால் பார்மசியில் சொந்தமாக வாங்கிப் பூச வேண்டாம். மூன்று மாதம் முடிந்ததும் அசெலாயிக் அசிட் கிரீமுக்கு மாற்றினார்.

முதல் மாதம் எரிந்தது, உரிந்தது, வேறு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவது மாதம் கணவர் மட்டும் "குறைந்திருக்கு" என்றார். அவர் எதற்கும் அப்படித்தான் சொல்வார். மூன்றாம் மாதக் கடைசியில் மீசை போனது. கன்னத்துத் திட்டு ஒரு வருஷத்தில் முக்கால்வாசி மங்கியது. முற்றாகப் போகவில்லை, இனிப் போகும் என்றும் நான் இருக்கவில்லை. போன விளையாட்டுப் போட்டிக்கு ஒரே ஒரு நாள் தொப்பி இல்லாமல் மைதானத்தில் நின்றேன். கரைத்ததில் பாதி ஒரு கிழமையில் திரும்பி வந்துவிட்டது.

சாப்பாட்டைப் பற்றியும் கேட்பீர்கள். எந்தச் சாப்பாடும் என் மங்கை அழிக்கவில்லை. ஆனால் இரத்தம் சோதித்தபோது இரும்புச்சத்து குறைவு என்று வந்தது. நாமோ ரொட்டியும் சம்பலும் வாயில் இருக்கும்போதே தேத்தண்ணி குடிக்கிற ஆட்கள். சாப்பாட்டோடு குடித்தால் தேயிலை, கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்பை உடம்பில் சேர விடாது. இப்போது தேத்தண்ணி சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துத்தான். சோற்றோடு முருங்கைக்கீரை, வல்லாரைச் சம்பல், பின்னாலே ஒரு கொய்யாப்பழம். கொய்யாவில் தோடம்பழத்தைவிட விட்டமின் சீ கூட, அது இரும்பு உடம்பில் சேர உதவும். முகத்தின் வெளிறல் போனது, மூச்சு வாங்குவது நின்றது. திட்டு போனதற்கு நன்றி கிரீமுக்கும் குடைக்கும்தான்.

உங்களுக்கு எப்படி?

பொகவந்தலாவைப் பிள்ளை

டீச்சர், நீங்கள் முகத்தைச் சொன்னீர்கள், நான் காலைச் சொல்கிறேன்.

அம்மா 28 வருஷம் கொழுந்து பறித்தவர். முழங்காலுக்குக் கீழே எண்ண முடியாத தவிட்டுப் புள்ளிகள். எல்லாம் அட்டைக்கடி. அட்டை கடிக்கும்போது தெரியாது, இரத்தம் உறையாமல் இருக்க அதன் எச்சிலில் ஒன்று இருக்கிறது, அதனால் விழுந்த பிறகும் வடிந்துகொண்டே இருக்கும். பிரச்சினை அடுத்த நாளிலிருந்து. அப்படி ஒரு அரிப்பு! ராத்திரி தூக்கத்திலேயே அம்மா காலை மற்றக் கால் நகத்தால் சொறிவார். புண்ணாகும், ஆறும், கறுக்கும், அதன் மேலேயே அடுத்த கடி.

டிஸ்பென்சரியில் சொன்ன வைத்தியம் கேட்டால் சப்பென்று இருக்கும்: சொறியாதே. கடித்த இடத்தைச் சவர்க்காரம் போட்டுக் கழுவு, அரிப்புக்குத் தந்த கிரீமைப் பூசு, காய்ந்து போகாமல் வாஸ்லின் தடவு, மலைக்கு ஏறும்போது நீளக் காலுறை போடு. ஓய்வு பெற்று ஒன்றரை வருஷத்தில் புதிய புள்ளிகள் கரைந்தன. பழையவை இருக்கின்றன. அம்மாவுக்கு அதில் கவலையில்லை. "இது என் சர்வீஸ் புத்தகம்" என்பார்.

இன்னொன்று. தேசிக்காயைத் தொடாதீர்கள்! எங்கள் லயத்தில் ஒரு அக்கா கல்யாண வீட்டுக்குப் போக முகம் வெளுக்க வேண்டும் என்று காலையில் தேசிக்காயைப் பிழிந்து பூசிக்கொண்டு, கழுவாமலே மலைக்குப் போனார். இரண்டாம் நாள் சுட்ட புண் மாதிரி சிவந்து கொப்புளம். ஆறியபோது தாடைவரை சாறு ஒழுகிய தடம் அப்படியே மண்ணிறக் கோடாக நின்றது. தேசிக்காயில் இருக்கிற ஒரு பொருள் வெயிலோடு சேர்ந்தால் தோலைச் சுட்டுவிடும் என்று பிறகு தெரிந்தது. கல்யாணப் படத்தில் அந்த அக்கா எல்லாவற்றிலும் பக்கவாட்டில்தான் நிற்கிறார்.

ஹட்டன் தங்கச்சி

எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

கன்னத்தில் பரு வந்து போன இடத்தில் கறுப்புப் புள்ளிகள். ஒரு அழகுசாதனக் கடையில் சின்ன டப்பாவில் கிரீம் தந்தார்கள். லேபல் இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதவும் இல்லை. "பத்து நாளில் பாருங்கள்" என்றார்கள். உண்மையில் பத்தாம் நாள் முகம் பளபளவென்று இருந்தது. கூட்டாளிமார் நாலு பேருக்கு நானே வாங்கிக் கொடுத்தேன். அதுதான் இன்றும் மனசைக் குத்துகிறது.

நாலாம் மாதம் கன்னத்தில் சிவப்பு நரம்பு தெரிந்தது. தாடையில் பூனைமயிர் வளர்ந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் போனால் முகம் எரியும். நிறுத்தினால் இரண்டே நாளில் பரு கொட்டும், திரும்பப் பூசினால் அடங்கும். டொக்டர் முகத்தைப் பார்த்ததும், "எந்தக் கிரீம் பூசுகிறாய், கொண்டு வா" என்றார். ஸ்டீரோய்ட் சேர்ந்திருக்கும் என்றார். இப்படிப்பட்ட வெள்ளையாக்கும் கிரீம்கள் சிலவற்றில் பாதரசமும் இருக்குமாம், அது தோலால் உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எனக்கு யூரின் சோதித்தார்கள், நல்லவேளை ஒன்றுமில்லை. முகம் அடங்க ஐந்து மாதம் ஆனது. பருப் புள்ளிகள் அதற்குள் தானாகவே மங்கியிருந்தன! சும்மா விட்டிருந்தாலே போயிருக்கும்.

பண்டாரவளை ஆட்டோ

ஆம்பிளை நான் இங்கே எழுதலாமா தெரியவில்லை. சரி, எழுதிவிடுகிறேன்.

எனக்குக் கழுத்து. பின்பக்கம் முழுக்கக் கறுத்து, தடவினால் வெல்வெட் துணி மாதிரி இருக்கும். மனைவிக்கு அது அழுக்கு என்றுதான் எண்ணம். ஞாயிற்றுக்கிழமை தோறும் பீர்க்கங்காய் நாரால் உரித்தெடுப்பார். "குளிக்கிறதே இல்லை இந்த மனுஷன்" என்று மாமனார் வீட்டில் வேறு சொல்லி வைத்துவிட்டார். பிறகு கக்கத்திலும் அதே கறுப்பு.

வேறு எதற்கோ கிளினிக் போன இடத்தில் டொக்டர் கழுத்தைத்தான் முதலில் பார்த்தார். "தம்பி, இது தோல் வருத்தம் இல்லை, நாளைக்கு வெறும் வயிற்றில் வாருங்கள்" என்றார். இரத்தத்தில் சீனி 118. நூறுக்குக் கீழே இருக்க வேண்டும், 126 வந்தால் சீனி வருத்தம். நான் அதன் வாசலில் நின்றிருந்தேன். உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படாமல் போகும்போது இரத்தத்தில் இன்சுலின் கூடி, மடிப்பு விழுகிற இடங்களில் தோல் இப்படித் தடித்துக் கறுக்குமாம். நாரால் தேய்த்தால் இன்னும் தடிக்கும். மனைவிக்கு இதைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

ஸ்டாண்டில் நிற்கிற எங்களுக்கு ஹயர் இல்லாத நேரமெல்லாம் பிளேன்டீ. ஒரு நாளைக்கு எட்டு, ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி சீனி. அதோடு பணிஸ், இரவில் கொத்து. முதலில் சீனியை ஒன்றாக்கினேன், பிறகு ஒன்றுமில்லாமலாக்கினேன். முதல் கிழமை கஷாயம் குடிப்பது போலிருந்தது, இப்போது சீனி போட்டால்தான் குமட்டுகிறது. சோறு பாதி, மற்றப் பாதி மரக்கறி. போஞ்சி, கரட், லீக்ஸ் எல்லாம் நம்ம ஊரில் விளைவதுதானே. சிவப்பரிசி, இரவில் குரக்கன் ரொட்டி. ஸ்டேஷன் வரை நடை. 84 கிலோ எட்டு மாதத்தில் 76 ஆனது. சீனி நூறுக்குக் கீழே வந்தது. கழுத்துக்கு நான் ஒன்றுமே பூசவில்லை, ஆனால் கறுப்பு பாதிக்குமேல் இறங்கிவிட்டது.

டீச்சர் சொன்ன மங்குக்கு வேண்டுமானால் சாப்பாடு உதவாமல் இருக்கலாம், என் கழுத்துக்கு மருந்தே சாப்பாடுதான்.

வெலிமடைத் தோட்டக்காரன்

சுருக்கமாக. அப்பாவுக்கு 67 வயது, ஆயுள் முழுக்க மரக்கறித் தோட்டம். நெற்றியிலும் புறங்கையிலும் தட்டையான தவிட்டுப் புள்ளிகள். வெயிலில் வாழ்ந்த வயது, விட்டுவிடுங்கள் என்றார் டொக்டர், விட்டுவிட்டோம். ஒன்று மட்டும் ஆறு மாதத்தில் பெரிதாகி, ஓரம் கோணல்மாணலாகி, இரண்டு நிறமாகத் தெரிந்தது. அதை மட்டும் வெட்டிச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வர மூன்று கிழமை. அந்த மூன்று கிழமையும் வீட்டில் யாரும் வெளிப்படையாகப் பேசவில்லை. ஒன்றுமில்லை என்று வந்தது. மாறுகிற புள்ளி இருந்தால் கிரீம் தேடிக்கொண்டிருக்காமல் காட்டிவிடுங்கள்.

தலவாக்கலை டீச்சர்

பண்டாரவளைத் தம்பி, தாராளமாக எழுதலாம். உங்களுடையதைப் படித்துவிட்டு என் கணவரின் கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். நாளைக் காலை வெறும் வயிற்றில் கூட்டிப் போகிறேன்.

ஹட்டன் தங்கச்சி, அந்த நாலு கூட்டாளிகளிடமும் சொல்லிவிட்டீர்களா? இன்னும் இல்லையென்றால் இன்றைக்கே சொல்லுங்கள். ஆனால் திடீரென்று நிறுத்தினால் உங்களுக்கு ஆனது போலக் கொட்டும், டொக்டரைப் பார்த்து நிறுத்தச் சொல்லுங்கள்.

சன்ஸ்கிரீன் விலையைப் பற்றி இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தார்கள். உண்மைதான், ஒரு டியூப் வாங்கினால் ஒரு கிழமை மரக்கறிக் காசு போய்விடும். வாங்க முடியாத மாதங்களில் நான் அகலத் தொப்பியும் கறுப்புக் குடையும்தான். மலையில் நிற்கிற நம்ம பெண்கள் தலைத்துண்டை நெற்றிக்கு முன்னால் இழுத்துவிட்டு, இரண்டு கன்னமும் மறைகிற மாதிரிக் கட்டினாலே பெரிய விஷயம். கையில் குடை பிடித்துக்கொண்டு கொழுந்து பறிக்க முடியாதே.

அந்தத் தேத்தண்ணிப் பையன் இப்போது பத்தாம் வகுப்பு. போன கிழமை நிறமுள்ள சன்ஸ்கிரீன் முடிந்து, வீட்டில் கிடந்த வெள்ளையை இரண்டு விரல் நீளத்துக்குப் பூசிக்கொண்டு அவசரமாகப் போனேன். வகுப்புக்குள் கால் வைத்ததும் எழுந்து நின்றான்.

"டீச்சர், காலையில ரொட்டிக்கு மா பிசைஞ்சீங்களா?"