காயத்ரி கல்யாணம் குரூப்: மேளமா பென்டிரைவா

ரம்யா அக்கா: எல்லாருக்கும் வணக்கம். கும்பகோணம் மண்டபத்துல இருந்து போன் பண்ணாங்க. முதல் நாள் சாயங்காலத்துக்கு பாட்டு என்ன ஏற்பாடுன்னு கேக்குறாங்க. ஸ்பீக்கர் செட் அவங்ககிட்டயே இருக்காம், பென்டிரைவ் குடுத்தா போட்டு விட்ருவாங்களாம். நாதஸ்வரத்த முகூர்த்தத்துக்கு மட்டும் வச்சுக்கிட்டா செலவு குறையும்னு சொல்றாங்க. யார் யாருக்கு என்ன பாட்டு புடிக்கும்னு இங்கயே போடுங்க, நான் லிஸ்ட் எடுத்துக்கறேன்

செந்தில் சித்தப்பா: ராஜா

செந்தில் சித்தப்பா: வேற எதுவும் வேணாம். 76ல அன்னக்கிளி வந்ததுல இருந்து இன்னிக்கு வரைக்கும் எனக்கு ராஜா மட்டும்தான்

ரம்யா அக்கா: சித்தப்பா அது ஒரு பெரிய கடல். அதுல எந்த மாதிரி பாட்டு?

செந்தில் சித்தப்பா: 80கள்ல வந்த மெலடி போடும்மா. பாடுறவங்க குரல விட்டுட்டு அடியில ஓடுற பேஸ் கிடார மட்டும் கேட்டுப் பாரு, அது தனியா ஒரு பாட்டு பாடிட்டிருக்கும். ஹெட்போன் வாங்கினப்புறம்தான் இதெல்லாம் எனக்கு கேட்டுச்சு, இருபது வருஷமா கேட்ட பாட்டுல இவ்ளோ ஒளிஞ்சிருக்கான்னு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து கேட்டேன். போன வருஷம் மார்ச்ல லண்டன்ல ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவோட அவர் சிம்பொனி அரங்கேறுச்சுன்னு படிச்சப்ப எங்க வீட்டு விசேஷம் மாதிரி இருந்துச்சு

கார்த்தி அண்ணா: சித்தப்பா அது 2025 மார்ச் 8

செந்தில் சித்தப்பா: அதேதான்டா

சித்ரா அத்தை: எனக்கு பி.பி. ஸ்ரீனிவாஸ் பாட்டு ரெண்டாவது சேத்துக்கோ ரம்யா. நாங்க சின்ன வயசுல பாட்டு கேட்டதெல்லாம் இலங்கை வானொலிலதான், அப்துல் ஹமீது குரல் வந்தாலே அம்மா அடுப்ப சிம்முல வச்சுட்டு வந்து உக்காருவாங்க. இந்த பக்கம் கடலோர ஊர்ல எல்லாம் நம்ம ஸ்டேஷன விட அது தெளிவா எடுக்கும். பாட்டு போடுறதுக்கு முன்னாடி யார் எழுதினது யார் இசைன்னு சொல்லிட்டுதான் போடுவாங்க, அதனாலதான் இன்னிக்கும் எனக்கு எல்லா பேரும் மனசுல நிக்குது

அபி: அக்கா எனக்கு கானா. கொஞ்சம் இண்டி பேண்ட் பாட்டும்

சித்ரா அத்தை: அபி கண்ணு, கானா சாவு வீட்டுல பாடுறதில்லையா? கல்யாணத்துல போடலாமா?

அபி: அத்தை சாவு வீட்டுல பாடுறதுதான், ஆனா அதுக்கு மட்டும்னு இல்ல. வடசென்னைல கல்யாணம் காதுகுத்து எல்லாத்துலயும் கானா கச்சேரி வைப்பாங்க. சாவு வீட்டுல ராத்திரி பூரா உக்காந்து செத்தவங்க வாழ்க்கைய அங்கயே பாட்டா கட்டி பாடுவாங்க, எங்க ஹாஸ்டல் பக்கத்து தெருவுல ஒரு தடவ கேட்டேன், அந்த தாத்தா எந்த ஹார்பர் கேட்ல மூட்டை தூக்கினாருன்னு வரைக்கும் பாட்டுல வந்துச்சு. ஒரு சாதாரண மனுஷனுக்கு அவ்ளோ மரியாதையா ஒரு பாட்டு நான் வேற எங்கயும் கேட்டதில்ல. 2018 ஜனவரில கீழ்ப்பாக்கத்துல தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் பேண்டோட முதல் கச்சேரி நடந்தப்ப நான் ஸ்கூல் படிச்சிட்டிருந்தேன், அந்த வீடியோல கானா பறை ட்ரம்ஸ் கிடார் எல்லாம் ஒரே மேடைல பாத்ததும் அப்பவே முடிவு பண்ணிட்டேன் இதான் என் இசைன்னு

சித்ரா அத்தை: இதெல்லாம் எனக்கு தெரியாதும்மா. நல்லதா நாலு பாட்டு எனக்கு தனியா அனுப்பு, கேக்குறேன்

கார்த்தி அண்ணா: நான் மெட்டல், அதிரடியான ராக் இசை. லிஸ்ட்ல போட வேணாம், அத மண்டபத்துல போட்டா பெரியவங்களுக்கு கஷ்டமாயிடும். நான் கேட்டுக்கறேன்

பெரிய மாமா: ரம்யா இப்பதான் எல்லாம் படிச்சேன். லிஸ்ட் தாராளமா போடும்மா, ஆனா நாதஸ்வரத்த முகூர்த்தத்துக்கு மட்டும்னு சுருக்கிடாத. முகூர்த்தத்துல அவங்களுக்கு வாசிக்க எங்க எடம் இருக்கு. ஐயர் கைய காட்டினா கெட்டிமேளம், திரும்ப கைய காட்டினா நிறுத்தணும், ஒரு கீர்த்தனை பல்லவி தாண்டறதுக்குள்ள நாலு தடவ நிறுத்த சொல்லிடறோம். ஒரு ராகத்த எடுத்து மெதுவா விரிக்க அரை மணி நேரமாவது வேணும். அது முதல் நாள் சாயங்காலம்தான் கிடைக்கும். அதையும் பென்டிரைவுக்கு குடுத்துட்டா அப்புறம் அவங்கள எதுக்கு கூப்பிடறோம்

அபி: மாமா கோச்சுக்காதீங்க, எனக்கு நாதஸ்வரம்னாலே காது வலி. போன கல்யாணத்துல எல்லாம் நான் வெளிய போய் நின்னுட்டேன்

பெரிய மாமா: கோவமே இல்லம்மா, உன் காது சரியாதான் சொல்லுது. மைக்குதான் தப்பு. அது கோயில் நாலு வீதிக்கும் கேக்கணும்னு செஞ்ச வாத்தியம். அத ஏசி ஹாலுக்குள்ள கொண்டு வந்து முன்னாடி ஒரு மைக் வச்சு ஸ்பீக்கர்ல ஏத்துனா யார் காதுதான் தாங்கும். வெளிய பந்தல்ல மைக் இல்லாம உக்கார வச்சு இருபதடி தள்ளி நின்னு கேளு, இனிப்பு தெரியும்

பெரிய மாமா: எங்கப்பா நாதஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளை வாசிச்ச தோடி ராகத்த நேர்ல கேட்டவர். ராத்திரி சாமி புறப்பாடுல ஒரு மூலைல நின்னு ஆலாபனை ஆரம்பிச்சா அடுத்த மூலைக்கு சாமி நகரவே நகராதாம், ஜனம் விடாது. நான் ரெகார்டுலதான் கேட்டேன், 56லயே போயிட்டார். ஆனா ஷேக் சின்ன மௌலானா வாசிச்சு ஸ்ரீரங்கத்துல நேர்ல கேட்டிருக்கேன். ஆந்திரால பொறந்து தஞ்சாவூர் பாணி மேல ஆசப்பட்டு இங்க வந்து ஸ்ரீரங்கத்துலயே தங்கிட்டவர். அவர் வாசிச்சா ஒரு சுரம் கூட உரசாது, அப்படி ஒரு சுத்தம்

செந்தில் சித்தப்பா: மச்சான் காருகுறிச்சி அருணாசலத்த விட்டுட்டீங்களே. கொஞ்சும் சலங்கைல ஜானகி அம்மா குரலும் அவர் நாதஸ்வரமும் ஒண்ணோட ஒண்ணு பேசுமே

பெரிய மாமா: அது தெரியாத வீடு உண்டா. 62ல படம் வந்துச்சு, 64லயே அவரும் போயிட்டார்.

கார்த்தி அண்ணா: மாமா ஒரு டவுட். சில இடத்துல நாதஸ்வரம் கீச்சுன்னு இருக்கு சில இடத்துல கனமா இருக்கே, அது மைக்காலயா?

பெரிய மாமா: ரெண்டு வகை இருக்குப்பா. திமிரி குட்டையா இருக்கும் சுருதி ஏத்தம். பாரி நீளம், சுருதி எறக்கம், குரல் கனம். பாரிய பெருசா கொண்டு வந்தவர் ராஜரத்தினம் பிள்ளைதான், இப்ப கச்சேரில எல்லாம் பாரிதான். நமக்கு பக்கத்துல நரசிங்கம்பேட்டைலதான் செய்யறாங்க, 2022ல புவிசார் குறியீடு கூட குடுத்தாங்க. ஆச்சா மரம், அதுவும் பழைய வீடு இடிச்சா வர்ற உத்தரம் தூண் மாதிரி வருஷக்கணக்கா காஞ்ச கட்டையா தேடி வாங்குவாங்க, பச்ச மரம்னா வெடிச்சிடும். விரல் வைக்க ஏழு ஓட்டை, அதுக்கு கீழயும் பக்கத்துலயும் இன்னும் அஞ்சு, அதுல மெழுகு வச்சு சுருதி சரி பண்ணுவாங்க. அரை சுரம் கால் சுரம் எல்லாம் விரல்லயும் மூச்சுலயும் உதட்டுலயும்தான் வரணும். சீவாளி இருக்கே, வாய் வச்சு ஊதுற பகுதி, அது நாணல்தான், அத வாய்ல வச்சு ஈரம் பண்ணி எடுத்துப் பாத்து ஊசியால நெம்பி மறுபடி வாய்ல வச்சு, சரிப்படலன்னா கொத்துல தொங்குற இன்னொன்ன எடுத்து, இப்படி பத்து நிமிஷம் போகும். நம்ம ஆளுங்க அத பாத்துட்டு என்ன இன்னும் ஆரம்பிக்கலயான்னு கேப்பாங்க. கேக்க கூடாது. சீவாளி சேர்ந்தாதான் ராகம் வரும்

கார்த்தி அண்ணா: தவில்காரர் விரல்ல தொப்பி மாதிரி மாட்டுறாரே அது என்ன மாமா

பெரிய மாமா: கூடு. துணிய பசையில நனைச்சு சுத்தி காய வச்சு செஞ்சுக்குவாங்க. ஒரு பக்கம் கூடு மாட்டின விரல், இன்னொரு பக்கம் கழி. பலாக்கட்டைல இழுத்துக் கட்டின தோலு, வெறும் விரல்ல அவ்ளோ நேரம் அடிக்க முடியாது

கார்த்தி அண்ணா: இது கேட்டா எனக்கு புல்லரிக்குது. பிளாக் சபாத்னு ஒரு பேண்ட், மெட்டலுக்கே அவங்கதான் ஆரம்பம். அதுல கிடார் வாசிச்ச டோனி அயோமிக்கு 17 வயசுல பர்மிங்ஹாம்ல ஒரு இரும்பு தகடு பேக்டரி மிஷின்ல வலது கை ரெண்டு விரல் நுனி போயிடுச்சு. அவர் இடது கைக்காரர், அதனால தந்தி அமுக்குறதே அந்த வலது கை விரல்லதான். பிளாஸ்டிக் பாட்டில உருக்கி விரலுக்கு தொப்பி செஞ்சு மேல தோல் ஒட்டி மாட்டிக்கிட்டு வாசிச்சார். வலி தெரியாம இருக்க தந்திய தளர்த்தி சுருதிய எறக்கினார், 71ல வந்த மூணாவது ஆல்பத்துல அந்த கனமான சத்தம் நல்லாவே தெரியும். நீங்க சொன்ன பாரி மாதிரியே சுருதி எறங்க எறங்க கனம் ஏறுது

பெரிய மாமா: விரல் போயும் விடலயா. பெரிய மனுஷன்ப்பா. அத எனக்கு ஒண்ணு அனுப்பு, கேக்குறேன்

அபி: மாமா மெட்டல் கேக்க போறாரா

பெரிய மாமா: ஏன் கேக்க கூடாது. நீ பந்தல்ல வந்து உக்காரு, நான் கார்த்தி அனுப்பினத கேக்குறேன், உன் கானாவும் அனுப்பு. நம்ம ஊர்ல தேர் கிளம்பும்போது கம்பீரநாட்டை ராகத்துல மல்லாரி வாசிப்பாங்க, அதுல பாட்டு வரியே கிடையாது, தவிலும் நாதஸ்வரமும்தான். அந்த இடத்துல நிக்கிற யாருக்கும் கால் சும்மா இருக்காது. உனக்கு அது புடிக்கும்னு எனக்கு தோணுது

அபி: சரி மாமா வரேன். ஆனா மைக் இல்லாம

ரம்யா அக்கா: ஓகே நான் முடிவு பண்ணிட்டேன். சாயங்காலம் அஞ்சரைல இருந்து ஏழு வரைக்கும் வெளிய பந்தல்ல மேளம், மைக் கிடையாது, யாரும் நடுவுல நிறுத்த சொல்ல மாட்டோம். ஏழுக்கு மேல ஹாலுக்குள்ள பென்டிரைவ், சித்தப்பா ராஜா, அத்தை பி.பி.எஸ், கடைசி அரை மணி அபி கானா. மண்டபத்துக்காரங்ககிட்ட நான் பேசிக்கறேன். செலவு கூடுதலாகும், அது மட்டும்தான்

செந்தில் சித்தப்பா: கூடுற காசு என் கணக்கு. ரெண்டு நாதஸ்வரம் ரெண்டு தவிலா சொல்லிடுங்க மச்சான், ஒரு செட்னா மூச்சு வாங்க கூட நேரம் இருக்காது

சித்ரா அத்தை: ஆனந்தபைரவி ராகம் கண்டிப்பா வாசிக்க சொல்லுங்க, காயத்ரிக்கு ஊஞ்சல் பாட்டும் அதுலயே வரட்டும்

பெரிய மாமா: நாளைக்கு காலைல நானே நேர்ல போய் வெத்தலை பாக்கு வச்சு அட்வான்ஸ் குடுத்துட்டு வரேன், இத போன்ல சொல்ல கூடாது. ரம்யா, கேட்டரிங்ல சொல்லிடு, வாசிக்கிறதுக்கு முன்னாடி அவங்களுக்கு காபி மட்டும் போதும், வயிறு முட்டினா மூச்சு நிக்காது. ஏழு மணிக்கு முடிஞ்சதும் முதல் பந்தியில நாலு பேருக்கும் சுருதிக்கு ஒத்து போடற பையனுக்கும் இலை போட்டிருக்கணும்

ரம்யா அக்கா: மொத்தம் அஞ்சு இலை, எழுதிட்டேன் மாமா

கார்த்தி அண்ணா: தவில் பக்கத்துல ஒரு சேர் எனக்கு. மத்தியானமே வந்துடறேன்