விமான நிலையத் தரையில் வாகனம் ஓட்டப் போகும் தம்பி எதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்?

கிளிநொச்சி அக்கா:
அனைவருக்கும் வணக்கம். உயர்தரம் முடித்த பின் பரந்தனில் பாரவூர்தி ஓட்டிக்கொண்டிருந்த எனது தம்பி, அடுத்த மாதம் வளைகுடா நாட்டு விமான நிலையமொன்றுக்குத் தரைப்பணிச் சாரதியாகச் செல்கிறார். சம்பளம், தங்குமிடம் பற்றியெல்லாம் விரிவாகச் சொன்ன முகவர், வேலையின் ஆபத்தைப் பற்றிக் கேட்டபோது "அங்கே பயிற்சி தருவார்கள்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். 2024 ஜனவரியில் டோக்கியோ ஹனேடா விமான நிலையத்தில் தரையிலேயே இரண்டு விமானங்கள் மோதித் தீப்பற்றிய காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்த அம்மாவுக்கு இப்போது நித்திரை இல்லை. தரையில் எந்த விமானம், எந்த வாகனம் எப்போது அசையலாம் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? இவ்வளவு கருவிகள் இருந்தும் அது எப்படிப் பிழைத்துப்போகிறது? அனுபவமுள்ளவர்கள் சொல்லித் தந்தால் உதவியாக இருக்கும்.

ஓமந்தையூரான்:
சகோதரி, நான் வளைகுடாவில் இதே வேலையைப் பல வருடங்கள் செய்துவிட்டு ஊர் திரும்பியவன். முதலில் தம்பிக்கு இடங்களைப் பிரித்துச் சொல்லுங்கள். விமானங்கள் நின்று ஆட்களையும் பொதிகளையும் ஏற்றி இறக்கும் தரிப்பிடம் ஒன்று, அங்கிருந்து ஓடுபாதைவரை ஊர்ந்து செல்லும் டக்சி பாதை இன்னொன்று, ஓடுபாதை மூன்றாவது. பெரிய நிலையங்களில் டக்சி பாதைகளைத் தரைக் கட்டுப்பாட்டாளரும் ஓடுபாதையைக் கோபுரக் கட்டுப்பாட்டாளரும் வெவ்வேறு அலைவரிசைகளில் கவனிப்பார்கள். எங்கள் வடக்குப் பாதையின் ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு நிலையங்களுக்கு இடையில் ஒரு புகையிரதத்தை மட்டும் விடுவதைப் போல, ஓடுபாதையும் ஒரு நேரத்தில் ஒருவருக்கே உரியது.

தம்பியின் வேலை பெரும்பாலும் தரிப்பிடத்தில்தான் இருக்கும். விமானத்தின் மேலும் கீழும் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் இயந்திரம் ஓடுகிறது, அல்லது ஓடப்போகிறது என்று பொருள்; அது அணைந்து சில்லுகளுக்குத் தடைக்கட்டை வைக்கும்வரை கிட்டப் போகக் கூடாது. பெரிய விமானமொன்றின் இறக்கைகள் முனைக்கு முனை 60 மீற்றரையும் தாண்டும்; அந்த முனைகள் பல விமானங்களில் விமானியின் கண்ணுக்குத் தெரியாது என்பதால்தான், இழுவை வண்டியால் விமானத்தைப் பின்னோக்கித் தள்ளும்போது இருபுறமும் ஆட்கள் நடந்து வருகிறார்கள்.

நான் மிகவும் மதிக்கும் ஒரு வழக்கம் உண்டு. தள்ளுவதற்கு முன் மூக்குச் சில்லில் ஒரு சிறு ஊசியைச் செருகி, விமானியின் திசைமாற்றி அந்தச் சில்லைத் திருப்பாதபடி செய்வார்கள். தள்ளி முடிந்து இழுவை வண்டியைக் கழற்றிய பின், தரைப்பணியாளர் அந்த ஊசியை எடுத்துக்கொண்டு விமானி பார்க்கக்கூடிய பக்கத்தில் ஒதுங்கி நின்று, அதில் தொங்கும் சிவப்பு நாடா தெரியும்படி உயர்த்திக் காட்டுவார். விமானி கையசைத்து ஏற்ற பிறகே விமானம் சொந்த வலுவில் நகரும். எல்லாம் சரியென்று ஹெட்செட்டில் முன்பே சொல்லியிருந்தாலும் ஊசியைக் காட்டியே ஆக வேண்டும். காதால் கேட்டதும் கண்ணால் கண்டதும் ஒத்துப்போனால் மட்டுமே அசைவது என்பதைத் தம்பி இப்போதே மனதில் பதித்துக்கொள்ளட்டும். அவசரப்படுத்தும் மேற்பார்வையாளர் எங்கும் இருப்பார். அவருக்காக இதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

மல்லாவி வாசகி:
வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு படித்தவள் என்ற முறையில் ஹனேடாவைப் பற்றிச் சொல்கிறேன். அதற்கு முதல் நாள் ஜப்பானின் நோட்டோ பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கத்துக்கு நிவாரணப் பொருள் கொண்டு செல்லவிருந்த கரையோரக் காவல்படை விமானத்திடம், புறப்படும் வரிசையில் அதுவே "நம்பர் வன்" என்றும் ஓடுபாதைக்கு வெளியே உள்ள சி5 நிறுத்துமிடம்வரை வருமாறும் கோபுரம் கூறியது. விமானி அதைச் சரியாகத் திருப்பிச் சொன்னார். ஆனாலும் ஓடுபாதைக்குள் நுழைய அனுமதி கிடைத்துவிட்டதாக விளங்கிக்கொண்டு, உள்ளே போய் ஏறத்தாழ 40 விநாடிகள் நின்றார். ஓடுபாதையில் வேறொரு விமானம் இருப்பதாகக் கோபுரத் திரை காட்டிய எச்சரிக்கையைக் கட்டுப்பாட்டாளர் கவனிக்கவில்லை. தரையிறங்கிய ஏ350 பயணிகள் விமானத்தின் 379 பேரும் தப்பினார்கள். காவல்படை விமானத்தின் 6 பேரில் 5 பேர் இறந்தார்கள்.

1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனெரிஃப் தீவில் 583 பேரைப் பலிகொண்ட விமான மோதலிலும் சொற்களே சிக்கலாயின. பனிமூட்டத்தில் ஒரு விமானம் அனுமதியின்றி ஓடத் தொடங்கிய வேளையில், "காத்திருங்கள்" என்ற கோபுரத்தின் குரலும் "நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்" என்ற மற்ற விமானத்தின் குரலும் ஒரே நொடியில் எழுந்து, வானொலியில் வெறும் கீச்சொலியாகக் கலந்துபோயின. அதன் பின்னரே "டேக் ஓஃப்" என்ற சொல்லைப் புறப்பட அனுமதி கொடுக்கும்போதும் அதை இரத்துச் செய்யும்போதும் மட்டும் பயன்படுத்துவது என்ற கட்டுப்பாடு உறுதியானது.

ஆகவே திருப்பிச் சொல்வது அவசியம், ஆனால் அது மட்டும் போதாது என்பது என் உறுதியான எண்ணம். ஓடுபாதைக்கு முன் மஞ்சள் நிறத்தில் இரண்டு முழுக்கோடுகளும் இரண்டு விட்டுவிட்ட கோடுகளும் இருக்கும்; முழுக்கோட்டின் பக்கம் நிற்பவர் அனுமதியின்றிக் கடக்கக் கூடாது. குறுக்கே சிவப்பு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தால், "கடக்கலாம்" என்று காதில் விழுந்திருந்தாலும் நின்று மீண்டும் கேட்க வேண்டும்.

கிளிநொச்சி அக்கா:
இருவருக்கும் மிக்க நன்றி. தம்பி பக்கத்தில் இருந்து வாசித்தார். ஓடுபாதைக்கு அருகில் போகும் வேளையில் வானொலி பழுதானால் என்ன செய்வது என்று கேட்கிறார்.

மல்லாவி வாசகி:
நல்ல கேள்வி. கோபுரத்திலிருந்து ஒளிச்சமிக்ஞை காட்டுவார்கள். வாகனத்துக்கு நிலையான சிவப்பு என்றால் நில். மின்னும் சிவப்பு என்றால் விமானங்களைக் கவனித்தபடி அவ்விடத்தை விட்டு விலகு. மின்னும் பச்சை என்றால் கடக்கலாம். மின்னும் வெள்ளை என்றால் அந்தப் பகுதியை விட்டு முழுவதுமாக வெளியேறு. டக்சி பாதைகளுக்கு ஆங்கில எழுத்துகளே பெயர் என்பதால், அல்பா, பிராவோ, சார்லி என்று தொடங்கும் எழுத்துப் பெயர்களைப் புறப்படும் முன்பே வாய்விட்டுச் சொல்லிப் பழகச் சொல்லுங்கள். அங்கே போனதும் நிலையத்தின் தரைவரைபடத்தைக் கேட்டு வாங்கி, தான் ஓட்டப்போகும் வழியை முதலில் அதில் விரல்வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும்.