தர ஆய்வுக்குப் போனால் நோயாளியின் மருந்துப் பையைக் கேளுங்கள்

அரசு ஆஸ்பத்திரியில் தர ஆய்வு என்றால் சுவருக்குப் பெயின்ட் அடிப்பது, புதுப் பெட்ஷீட் விரிப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நான் பாலக்காடு மாவட்ட எல்லைப் பக்கம் வேலை பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸ். மற்ற சமூக சுகாதார நிலையங்களுக்கு ஆய்வுக் குழுவோடு போய்வருகிறேன். அங்கே பார்த்ததில் சிலவற்றை இங்கே சொல்கிறேன்.

அரசு ஆஸ்பத்திரிகளுக்கான தேசிய தர உறுதித் தரநிலைகள் 2013 முதல் இருக்கின்றன. நோயாளி உரிமை, சிகிச்சை, தொற்றுக் கட்டுப்பாடு என்று எட்டுப் பகுதிகள். ஒவ்வொரு கேள்விக்கும் 0, 1, 2 என்று மார்க். மொத்தத்தில் 70 சதவீதத்துக்குக் குறைந்தால் சான்றிதழ் கிடையாது. மார்க் போட நான்கு வழிகள்: கண்ணால் பார்ப்பது, ஊழியரிடம் கேட்பது, ரெக்கார்டைப் புரட்டுவது, நோயாளியிடம் கேட்பது. இந்த நான்காவதுதான் எங்கள் பக்கம் அடிபட்டுப் போகிறது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், ஒழலப்பதி பக்கமெல்லாம் வார்டில் படுத்திருப்பவர்களில் நிறையப் பேர் தமிழ்க்காரர்கள். ஆய்வுக்கு வருபவருக்குத் தமிழ் வராவிட்டால் "சுகமல்லே?" (நல்லா இருக்கீங்கதானே?) என்று மலையாளத்தில் கேட்பார், பாட்டி தலையாட்டும், 2 மார்க் விழும்.

ரெக்கார்டை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரு பிரசவ அறையில் ஆக்ஸிடோசின் ஊசி வைக்கிற ஃபிரிட்ஜ். வெப்பநிலை 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், காலையும் மாலையும் பார்த்து அட்டையில் எழுத வேண்டும். நாங்கள் போனது காலையில். அன்று மாலைக்கான கட்டத்திலும் '4' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தது! உள்ளே தெர்மாமீட்டர் 13 காட்டியது. கதவின் ரப்பர் தளர்ந்து, ஒரு பக்கம் சரியாக மூடவே இல்லை. குழந்தை பிறந்ததும் தாய்க்கு ரத்தப்போக்கு மிஞ்சாமல் இருக்கப் போடுகிற ஊசி இது. சூட்டில் கிடந்தால் வீரியம் போய்விடும், பார்த்தால் தெரியாது. அந்த நர்ஸ் மீது எனக்குக் கோபம் வரவில்லை. ராத்திரி ட்யூட்டியில் லேபர் ரூமையும் வார்டையும் ஒருத்தியே பார்க்கிற இடம் அது. ஆளைக் கூட்டாமல் அட்டையை மட்டும் கூட்டினால் இப்படித்தான் நிரப்புவார்கள். இதை அறிக்கையில் அப்படியே எழுதினோம்.

அடுத்து, நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். வேறொரு ஆஸ்பத்திரியில் வயதான அம்மா ஒருவர், தலைசுற்றி விழுந்து அட்மிட் ஆகியிருந்தார். கேஸ் ஷீட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வந்தபோது சர்க்கரை மிகவும் இறங்கியிருந்தது, உடனே குளுக்கோஸ் ஏற்றியிருந்தார்கள். காரணம் 'சரியாகச் சாப்பிடவில்லை' என்று இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து, "வீட்ல என்னென்ன மாத்திரை போடறீங்க ஆத்தா, எடுங்க பாக்கலாம்" என்றேன். தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பையை எடுத்துக் கட்டிலில் கொட்டினார். சர்க்கரையைக் குறைக்கிற கிளிமிபிரைடு மாத்திரை இரண்டு பட்டையாக இருந்தது, வேறு வேறு நிறத்தில்.

"இது பொள்ளாச்சிப் பக்கம் மகன் வூட்டுக்கு வந்து குடுத்தாங்க. இது இங்க மக வூட்ல இருக்கறப்ப வாங்குனது. ரெண்டும் கவருமெண்ட்டு குடுத்ததுதான, ரெண்டையும் போடோணுமில்ல கண்ணு?"

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் முதல் மக்களைத் தேடி மருத்துவம் நடக்கிறது. சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. நல்ல திட்டம். கேரளத்தில் குடும்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகத் தருகிறார்கள். அதுவும் நல்லதுதான். இரண்டு பக்க ரிஜிஸ்டரும் சரி, தப்பு செய்தவர் யாருமில்லை. ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஆள் இல்லை. ட்யூட்டி டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் அப்போதே ஒன்றை நிறுத்தினார், மகளையும் மகனையும் வரச்சொன்னார். நான் கேட்காமல் வந்திருந்தால் அந்த அம்மா இரண்டு பட்டையோடும் வீட்டுக்குப் போயிருப்பார்.

அன்றிலிருந்து எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், அட்மிஷன் எழுதும்போதே 'எல்லைக்கு அந்தப் பக்கமும் மருந்து வாங்குகிறீர்களா?' என்று கேட்கிறார்களா என்று பார்க்கிறேன். அப்புறம், கை கழுவும் படம் ஒட்டியிருக்கிறது என்று மார்க் போடாதீர்கள். கழுவிக் காட்டச் சொல்லுங்கள். சோப்புத் தண்ணீரில் 40 முதல் 60 வினாடி ஆக வேண்டும். பச்சைக் குழந்தைக்கு மூச்சுக் கொடுக்கிற அம்பு பேக்கையும் கையில் எடுத்து அழுத்திப் பாருங்கள்.

வாசகர் கருத்து, தேவிகுளம் எஸ்டேட்டிலிருந்து:

தங்கச்சிக்கு சிசேரியன் என்று சொல்லி ஒரு படிவத்தை நீட்டினார்கள். எல்லாம் மலையாளம். எனக்குப் பேச வரும், படிக்க வராது. "ஒப்பிட்டோளூ" (கையெழுத்துப் போடுங்கள்) என்று அவசரப்படுத்தினார்கள். அவசரம்தான், புரிகிறது. ஆனால் மயக்க மருந்தில் என்ன ஆபத்து, ரத்தம் ஏற்ற வேண்டி வருமா, இதையெல்லாம் கடைசியில் தமிழ் தெரிந்த துப்புரவு அக்காதான் எனக்குச் சொன்னார். நல்ல மனசு, ஆனால் அது அவர் வேலையா? 1969 ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதியில் உள்ள கேரள அரசு அலுவலகங்களுக்குத் தமிழர்கள் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் தர வேண்டும். மனு எழுதத் தமிழ் உண்டு என்றால் ஆபரேஷன் படிவத்துக்கும் இருக்க வேண்டும். ஆய்வுக்குப் போகிறவர்கள் தயவுசெய்து இதையும் எழுதுங்கள் அக்கா.

வாசகர் கருத்து, ஆனைமலைப் பக்கத்து மருந்தாளுநர்:

சிஸ்டர் சொன்ன இரட்டை மாத்திரையை நானும் பார்க்கிறேன், பிரஷர் மாத்திரையான அம்லோடிபினில் இன்னும் அதிகம். மருந்துக் கவரில் வெறும் 1-0-1 எழுதிக் கொடுப்பதை நான் விட்டுவிட்டேன். மார்க்கர் பேனாவால் பெரிய எழுத்தில் 'சர்க்கரைக்கு', 'பிரஷருக்கு' என்று எழுதி, மருந்தின் மூலப் பெயரையும் தமிழில் போடுகிறேன். எல்லையில் இருக்கிற மீனாட்சிபுரம் தாண்டி வருகிறவர்களிடம் பழைய கவரையும் கொண்டுவரச் சொல்கிறேன். இப்போது பேரப்பிள்ளைகளே இரண்டு கவரையும் ஒப்பிட்டுப் பார்த்து, "இது ஏற்கெனவே வீட்ல இருக்குதுங்களே" என்று கவுண்டரிலேயே கேட்கிறார்கள்.