வேலூரில் அம்மாவுக்கு ரவிக்கை தைப்பவர் தேவை

வணக்கம். தோள்பட்டை இறுகி, வலது கையை முழுவதும் உயர்த்த முடியாத என் அம்மாவுக்கு ஆரணிப் பட்டில் ரவிக்கை தைக்க, சத்துவாச்சாரி, காட்பாடி, தோட்டப்பாளையம் பகுதிகளில் பொறுமையாகத் தைக்கும் பெண் எவரேனும் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பழைய அளவு ரவிக்கை இனி அவருக்கு உதவாது. இரு தோள்களையும் தனித்தனியே அளந்து, அக்குளில் சற்றுத் தளர்வு கொடுத்து, கொக்கிகளை முன்பக்கம் வைத்து, பின்னாளில் பிரித்துக்கொள்ள உள்ளே துணி விட்டுத் தைப்பவராக இருக்க வேண்டும். பருத்தி லைனிங்கை நனைத்து உலர்த்திய பிறகே வெட்டுபவரென்றால் மிகவும் நல்லது, ஏனெனில் அது பிறகு சுருங்கினால் பட்டும் சேர்ந்து இழுபடும். பட்டைப் பிரித்துத் தைத்தால் ஊசித் தடம் எளிதில் மறையாது என்பதால், முதலில் சாதாரணப் பருத்தித் துணியில் ஒன்று தைத்துப் போட்டுப் பார்க்க விரும்புகிறோம். அதற்கும் முழுக் கூலி தருவோம்.

வீட்டுக்கு வந்து அளவெடுப்பார்களா என்பதையும் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.